அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

16, 17-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்திலிருந்து அயர்லாந்துக்கு வந்து நிலைத்துவிட்ட குடும்பங்களின் வேரைத் தேடுகிறவர்களுக்கு இது. பெரும்பாலான வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். ஆனால் வரிசை மாறினால் மாதக்கணக்கில் வீணாகும்.

1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து போனது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி, அரசு திருச்சபையான சர்ச் ஆஃப் அயர்லாந்தின் பதிவேடுகளில் பாதிக்கு மேல், மூல உயில்களில் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. அதனால் இங்கிலாந்து ஆவணங்களில் பழகியவர்கள் செய்வதுபோல கணக்கெடுப்பு, சர்ச் பதிவேடு என்று நூல் பிடித்துப் பின்னோக்கிப் போனால், 1850-ஐத் தாண்டுவதற்குள் நூல் அறுந்துவிடும். அதற்கு முன்னால் கைகொடுப்பது நிலம். குடும்பம் எந்த நிலத்தில் இருந்தது, அதை யாரிடம் குத்தகைக்கு வாங்கியது என்று தெரிந்துவிட்டால் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதை மனதில் வைத்து அடுக்கியவை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விவரங்கள் வேண்டும்: ஒருவருடைய முழுப்பெயர், ஏறத்தாழ எந்தப் பத்தாண்டு, எந்தக் கவுன்டி, எந்த மதப் பிரிவு. நான்காவதைப் பலர் விட்டுவிடுவார்கள். சர்ச் ஆஃப் அயர்லாந்து 1871 வரை அரசு திருச்சபை. அதன் காகிதங்கள் ஒரு இடத்தில், பிரெஸ்பிடீரியன் காகிதங்கள் வேறிடத்தில், குவேக்கர் காகிதங்கள் இன்னொரு இடத்தில் இருக்கின்றன. மதப் பிரிவு தெரியாமல் தேடுவது தப்பான அலமாரியைக் கிளறுவதுதான்.

ஒரு குறிப்பேடும் வேண்டும். கிடைத்ததை எல்லோரும் எழுதி வைப்பார்கள். தேடியும் கிடைக்காததை எழுதுவதில்லை. எந்தத் தொகுதி, எந்த ஆண்டுகள், எந்தெந்த எழுத்துக்கூட்டல் என்று எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே தொகுதியை மறுபடி திறப்பீர்கள்.

பெயரை மட்டும் நம்பி 'இவர்கள் ஆங்கிலேயர்தான்' என்று முடிவு கட்ட வேண்டாம். கேவன் கவுன்டியில் ஸ்மித் என்றிருப்பவர்களில் பலர் கேலிக் (ஐரிஷ் மொழி) பெயரை ஆங்கிலப்படுத்திக் கொண்டவர்கள். மறுபக்கம், 1169-க்குப் பிறகு நார்மன் படையோடு வந்த பழைய ஆங்கிலேயக் குடும்பங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கராகவே இருந்துவிட்டன. அவர்கள் கதை வேறு. மதத்தையும் கல்லில் எழுதியதாக நினைக்கக் கூடாது. கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் கார்க் கவுன்டியின் கில்கோல்மனில் நிலம் பெற்ற குடியேறி. அவருடைய பேரன் வில்லியம் கத்தோலிக்கராக வளர்ந்ததால், கத்தோலிக்கர் நிலங்களைப் பறித்த ஆங்கிலேய ஆட்சியாளர் ஆலிவர் கிராம்வெல்லின் காலத்தில் அவருடைய நிலமே பறிபோகும் நிலை வந்தது. 1657-ல் கிராம்வெல்லே அவருக்காகக் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

எந்த அலையில் வந்திருக்கலாம் என்று ஒரு ஊகத்தையும் பென்சிலில் குறித்துக் கொள்ளுங்கள். லீஷ், ஆஃபலி என்றால் 1556 முதல் வந்தவர்களாக இருக்கலாம். கார்க், வாட்டர்ஃபோர்டு, லிமெரிக், கெர்ரி என்றால் 1586-க்குப் பிந்தைய மன்ஸ்டர் குடியேற்றம். வடக்கே அல்ஸ்டர் என்றால் 1609-க்குப் பிறகு. ஆனால் அங்கே ஸ்காட்லாந்துக்காரர்களும் ஏராளம். மற்ற இடங்களில் 1650-களின் கிராம்வெல் காலம். இது வெறும் ஊகம்தான், பேனாவால் எழுதாதீர்கள்.

2. ஊரை டவுன்லேண்ட் வரை இறக்குங்கள்

அயர்லாந்தில் நிலத்தின் மிகச் சிறிய பெயருள்ள அலகு டவுன்லேண்ட். அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. சில டவுன்லேண்டுகள் சேர்ந்து ஒரு சிவில் பாரிஷ், அதற்கு மேல் பரோனி, அதற்கு மேல் கவுன்டி. எதிலும் சேராமல் குறுக்கே ஓடுவது பூவர் லா யூனியன் என்ற ஏழைநலச் சட்ட வட்டம். அது கவுன்டி எல்லையைக்கூட மதிக்காது.

இதை முதலிலேயே செய்யச் சொல்வதற்குக் காரணம், பின்னால் வரும் ஒவ்வொரு ஆவணமும் இவற்றில் வெவ்வேறு அலகின் கீழ் அடுக்கப்பட்டிருக்கிறது. 1851 டவுன்லேண்ட் அட்டவணையில் ஊரைப் பார்த்து, ஐந்து அலகுகளையும் ஒரே வரியில் எழுதிக் கொள்ளுங்கள். லோகனிம் என்ற இடப்பெயர்த் தளம் பழைய எழுத்துக்கூட்டல்களையும் காட்டும்.

பெயர் மாற்றங்களைக் கவனியுங்கள். குவீன்ஸ் கவுன்டி இன்று லீஷ், கிங்ஸ் கவுன்டி ஆஃபலி. பார்சன்ஸ்டவுன் இன்று பிர், குவீன்ஸ்டவுன் இன்று கோவ். சுதந்திரத்தை ஒட்டி மாறிய பெயர்கள் இவை. பழைய ஆவணத்தில் பழைய பெயர்தான் இருக்கும்.

3. 1911-லிருந்து பின்னோக்கி 1845 வரை

இது சுலபமான பகுதி. 1901, 1911 மக்கள்தொகைக் கணக்குகள் முழுதாகத் தப்பியவை. தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 1861, 1871 கணக்குகளை அரசே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. அவற்றைத் தேடி அலையாதீர்கள்.

1901-ல் 50 வயது என்று சொன்னவர் 1911-ல் 66 என்று சொல்லியிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். 1909 முதல் 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. வயது திடீரென்று கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பொதுவாக 1901 வயதை நம்புவதே நல்லது.

பிறப்பு, இறப்பு, எல்லாத் திருமணங்களின் அரசுப் பதிவு 1864-ல் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணப் பதிவு மட்டும் 1845 ஏப்ரல் 1 முதலே உண்டு. நாம் தேடும் குடும்பங்கள் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் என்பதால் 19 ஆண்டுகள் கூடுதலாகக் கிடைக்கின்றன. ஐரிஷ் ஜீனியாலஜி என்ற அரசுத் தளத்தில் 100 ஆண்டு கடந்த பிறப்பு, 75 ஆண்டு கடந்த திருமணம், 50 ஆண்டு கடந்த இறப்புப் பதிவுகளைப் படமாகவே இலவசமாகப் பார்க்கலாம்.

முதலில் திருமணப் பதிவை எடுங்கள். அதில் மணமக்கள் இருவருடைய தந்தையர் பெயரும் தொழிலும் இருக்கும். ஒரே காகிதத்தில் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது, அதனால் அது கடைசி. வயது என்ற இடத்தில் 'முழு வயது' என்றிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்றுதான் பொருள். அதை 21 என்று வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் தப்பான ஆளிடம் போய் நிற்பீர்கள்.

4. இரண்டு நிலக் கணக்குகள்: கிரிஃபித்தும் டைத்தும்

1847-க்கும் 1864-க்கும் இடையில் நடந்த கிரிஃபித் வரி மதிப்பீட்டில், நிலமோ வீடோ வைத்திருந்தவர்கள் டவுன்லேண்ட் வாரியாக இருக்கிறார்கள். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு கிடைக்கும். புதியவர்கள் தங்கள் ஆளின் பெயரைக் கண்டதும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பக்கத்துப் பத்தியில் 'நேரடிக் குத்தகை கொடுத்தவர்' என்று ஒரு பெயர் இருக்கும். தங்கள் ஆளின் பெயரைவிட அதுதான் முக்கியம். ஆறாவது படியில் கதவைத் திறக்கும் சாவி அது. அவர் பெரிய நிலச்சுவான்தாராகவும் இருக்கலாம், இடைக் குத்தகைக்காரராகவும் இருக்கலாம். சுற்றியுள்ள டவுன்லேண்டுகளையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரே ஊரில் இரண்டு ஜான் இருந்தால் சீனியர், ஜூனியர் என்று பிரித்திருப்பார்கள். தந்தை மகனாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சித்தப்பா மகனாகவோ, உறவே இல்லாதவராகவோ இருக்கலாம்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1823 முதல் 1830-களின் இறுதி வரையிலான டைத் புத்தகங்கள். அரசு திருச்சபைக்குச் செலுத்த வேண்டிய பங்குக்கான கணக்கு இது. நகரத்தில் இருந்தவர்களும் நிலமில்லாதவர்களும் இதில் இருக்க மாட்டார்கள். இங்கே ஒரு பொறி: பல புத்தகங்கள் ஐரிஷ் ஏக்கரில் இருக்கின்றன. ஒரு ஐரிஷ் ஏக்கர் ஏறத்தாழ 1.62 சாதாரண ஏக்கர். டைத்தில் 20 ஏக்கர், கிரிஃபித்தில் 32 ஏக்கர் என்றால் நிலம் வளரவில்லை; அதே பண்ணைதான்.

5. சர்ச் பதிவேடுகள்: எரிந்தவையும் தப்பியவையும்

சர்ச் ஆஃப் அயர்லாந்து பதிவேடு உங்கள் பாரிஷுக்கு இருக்கிறதா என்று முதலில் பட்டியலைப் பாருங்கள். டப்ளின் பிரேமோர் பார்க்கில் உள்ள ரெப்ரசென்டேட்டிவ் சர்ச் பாடி நூலகம் எது எங்கே இருக்கிறது என்ற பட்டியலை வெளியிட்டிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு எரிந்திருந்தாலும் அதே பாரிஷின் நிர்வாகக் கூட்டக் குறிப்புகள் தப்பியிருக்கலாம். சர்ச் வார்டன்கள், வரி கொடுத்தவர்கள், இருக்கை வாங்கியவர்கள் பெயர் அதில் வரும். அடக்கப் பதிவில் எல்லா மதத்தாரும் இருப்பார்கள். பழைய கல்லறைத் தோட்டங்கள் பல அரசு திருச்சபையின் கையில்தான் இருந்தன.

மூலம் எரிந்தாலும் நகல் வேறெங்காவது இருக்கலாம். 2022-ல் திறக்கப்பட்ட விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி, அப்படிச் சிதறிக் கிடந்த நகல்களை ஒரே இடத்தில் சேர்த்துக் கொண்டிருக்கிறது.

நகல் கிடைக்கும் இடங்களில் நம்மூருக்குத் தொடர்புள்ள ஒன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கு அதிகாரியாகச் சேர விண்ணப்பித்தவர்கள் ஞானஸ்நானச் சான்று கொடுக்க வேண்டும். அந்த விண்ணப்பங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. டப்ளினில் எரிந்த பதிவேட்டின் ஒரு வரி, மதராஸ் படைக்கு வந்த ஒரு இளைஞனின் காகிதத்தில் பிழைத்திருக்கலாம். வந்தவாசிப் போரை வென்ற ஐர் கூட் இதே மாதிரிக் குடும்பத்தவர்தான். லிமெரிக் கவுன்டியில் கில்மாலக் பக்கத்துப் பாதிரியார் வீட்டுப் பிள்ளை; 1783-ல் மதராஸில் இறந்தார். உங்கள் குடும்பத்தில் யாராவது இந்தியா பக்கம் போனதாகப் பேச்சிருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

குவேக்கர் குடும்பம் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறப்பு, திருமணம், இறப்பை அவர்கள் ஒழுங்காக எழுதி வைத்தார்கள். ஒருவர் ஒரு கூட்டத்திலிருந்து (உள்ளூர் சபையை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) இன்னொரு கூட்டத்துக்குக் குடிபெயர்ந்தால் சான்றிதழ் எடுத்துச் செல்ல வேண்டும், அதுவும் பதிவாகும். யார்க்‌ஷயரிலிருந்து வந்து 1726-ல் கில்டேர் கவுன்டி பாலிடோரில் பள்ளி தொடங்கிய ஏபிரகாம் ஷாக்கில்டன் இப்படிப்பட்டவர். தென்துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டன் அவர் வழியில் வந்தவர்.

6. பத்திரப் பதிவகம்: இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்

டப்ளின் ஹென்ரியட்டா தெருவில் உள்ள ரெஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸ் 1708-ல் தொடங்கியது. 1922 தீ அதைத் தொடவில்லை. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பதுபோல ஒரு நிலத்தின் கைமாற்றங்களை வரிசையாகப் பார்க்கலாம். கத்தோலிக்கர் கையில் நிலம் சேராமல் கண்காணிப்பதும் இதை ஏற்படுத்தியதன் நோக்கங்களில் ஒன்று. 1778 வரை கத்தோலிக்கர் 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை வாங்க முடியாது. அதனால் 18-ஆம் நூற்றாண்டுத் தொகுதிகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் நாம் தேடும் வகைக் குடும்பங்களே.

அங்கே இருப்பது மூலப் பத்திரம் இல்லை, அதன் சுருக்கம். பதிவு கட்டாயமும் இல்லை. ஆனால் பதிவான பத்திரத்துக்குப் பதிவாகாததைவிட முன்னுரிமை உண்டு என்பதால், பிரச்சினை வரும் என்று பயந்தவர்கள் பதிந்தார்கள். சிலர் எழுதிப் பல ஆண்டு கழித்துத்தான் பதிந்தார்கள். ஆகவே எழுதிய தேதி, பதிந்த தேதி இரண்டையும் குறியுங்கள். மகன் இறந்த பிறகு 'மகனோடு' எழுதிய பத்திரம் பதிவாகியிருப்பது இப்படித்தான்.

அட்டவணைகள் இரண்டு. ஒன்று எழுதிக் கொடுத்தவர் பெயர்வாரியாக, இன்னொன்று நிலம்வாரியாக. எழுதி வாங்கியவருக்கு அட்டவணையே கிடையாது! புதியவர்கள் கூட்டமாக வந்து முட்டிக்கொள்ளும் சுவர் இது. சாதாரண விவசாயக் குடும்பம் குத்தகையை எழுதி வாங்கிய பக்கத்தில் இருக்கும். அவர்கள் பெயரில் தேடினால் ஒன்றும் வராது. 'என் குடும்பம் பத்திரமே எழுதவில்லை' என்று போய்விடுவார்கள்.

ஆகவே நான்காம் படியில் எழுதி வைத்த குத்தகை கொடுத்தவரின் குடும்பப் பெயரில் தேடுங்கள். 1833-க்கு முந்தைய பெயர் அட்டவணையில் ஊர் பெயர் இருக்காது. தொகுதி எண், பக்க எண், பத்திர எண் மட்டும்தான். பெரிய நிலச்சுவான்தார் என்றால் நூற்றுக்கணக்கான வரிகள் வரும். அப்போது நில அட்டவணைக்குப் போங்கள். கவுன்டி, பிறகு டவுன்லேண்டின் முதல் எழுத்து. அந்த எழுத்துக்குள் அகர வரிசை ஒழுங்காக இருக்காது, முழுவதையும் கண்ணால் ஓட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. தொகுதிகளின் படங்கள் ஃபேமிலிசர்ச் தளத்தில் இருக்கின்றன, இலவசக் கணக்கு போதும். வாங்கியவர், சாட்சி எல்லாரையும் சேர்த்து அட்டவணை போடும் தன்னார்வலர் திட்டமும் ஒன்று ஓடுகிறது. முழுமையானதில்லை, ஆனாலும் முதலில் அதில் ஒரு முறை தட்டிப் பாருங்கள்.

மூன்று வகைப் பத்திரங்களைக் கண்டால் விடாதீர்கள்.

முதலாவது ஆயுள் குத்தகை. ஆண்டுக் கணக்கில் இல்லாமல் மூன்று பேருடைய ஆயுள் வரை என்று எழுதுவார்கள். குத்தகைக்காரர், மனைவி, மூத்த மகன் என்று பெயர்கள் இருக்கும். சில நேரம் வயதும் இருக்கும். ஒருவர் இறந்தால் கட்டணம் கட்டி வேறொருவர் ஆயுளைச் சேர்ப்பார்கள். அந்தப் புதுப்பிப்புப் பத்திரத்தில் யார் இறந்தார், யார் புதிதாக வந்தார் என்று இருக்கும். இரண்டு மூன்று புதுப்பிப்புகள் கிடைத்தால் அரை நூற்றாண்டுக் குடும்பம் கையில் வந்துவிடும். மூன்று ஆயுளில் ஒன்று அரச குடும்பத்து இளவரசராக இருந்தால் உறவு என்று நினைத்துவிடாதீர்கள். சாவு எல்லோருக்கும் தெரியவரும் என்பதற்காக அப்படிச் சேர்த்ததுண்டு.

இரண்டாவது திருமண உடன்படிக்கை. மணமகளின் தந்தை, இரு பக்கத்து அறங்காவலர்கள், சீதனத் தொகை எல்லாம் இருக்கும். அறங்காவலர்கள் பெரும்பாலும் மாமன், சகோதரன் போன்றவர்கள்.

மூன்றாவது, சச்சரவில் முடிந்த அடமானப் பத்திரம். உரிமையை நிரூபிக்க 'இன்னாரின் மூத்த மகனும் வாரிசுமான இன்னார்' என்று மூன்று தலைமுறையை விவரித்திருப்பார்கள்.

சாட்சிகளில் கவனம் வேண்டும். சுருக்கத்தின் சாட்சிகளில் ஒருவராவது மூலப் பத்திரத்துக்கும் சாட்சியாக இருந்திருக்க வேண்டும் என்பது விதி. அதனால் வக்கீல் குமாஸ்தா அடிக்கடி வருவார். அதே பெயர் பல குடும்பங்களின் பத்திரங்களில் தென்பட்டால் உறவு இல்லை, சம்பளக்காரர்.

தேதிகளில் இன்னொரு கண்ணி. 1752-க்கு முன் ஆண்டு மார்ச் 25-ல்தான் தொடங்கியது. 1719 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1720 பிப்ரவரி. அதை அப்படியே எழுதினால் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வரும். 1719/20 என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

7. உயில்களின் நிழல்

மூல உயில்கள் போனாலும் அட்டவணைகளும் சுருக்கங்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் 5 பவுண்டுக்கு மேல் சொத்து வைத்திருந்தவர்களின் உயில் பிரெராகேட்டிவ் நீதிமன்றத்துக்குப் போகும். 1536 முதல் 1810 வரையிலான அந்த உயில்களின் பெயர் அட்டவணையை ஆர்தர் விகார்ஸ் 1897-ல் அச்சிட்டார். 1800 வரையிலானவற்றின் குடும்ப விவரங்களை அதற்கும் முன்பே வில்லியம் பெத்தம் கையால் பிரித்து எழுதி வைத்தார். மூலம் எரிந்த பிறகு நமக்கு மிஞ்சியது அவருடைய குறிப்புகள்தான்.

இங்கிலாந்திலும் சொத்து இருந்திருந்தால் கேன்டர்பரி பிரெராகேட்டிவ் நீதிமன்ற உயில்களைப் பாருங்கள். அவை லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. குடியேறிய முதல் தலைமுறை ஊரில் விட்டுவந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் ஏதாவது எழுதி வைத்திருந்தால், கடலைத் தாண்டும் பாலம் அதுதான்.

8. 17-ஆம் நூற்றாண்டு

1708-க்கு முன்னால் பதிவகம் இல்லை. இங்கே மூன்று தொகுப்புகள் போதும்.

ஐரிஷ் கத்தோலிக்கர்களின் 1641 கிளர்ச்சியில் நிலமும் பொருளும் இழந்த புராட்டஸ்டன்ட் குடியேறிகளின் வாக்குமூலங்கள் டிரினிட்டி கல்லூரியில் இருக்கின்றன. இணையத்தில் முழுதாகப் படிக்கலாம். பெயர், ஊர், தொழில், இழப்பு எல்லாம் இருக்கும். தொகைகளையும் கேள்விப்பட்ட கொடுமைகளையும் அப்படியே நம்பாதீர்கள். பெயர், ஊர், தொழில் மூன்றையும் எடுத்துக் கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டல் மனம்போல இருக்கும், ஆகவே பெயரில் தேடுவதற்குப் பதில் கவுன்டி, பரோனி வாரியாக வாசியுங்கள்.

'எங்கள் முன்னோர் கிராம்வெல்லோடு வந்த சிப்பாய், நிலம் பரிசாகக் கிடைத்தது' என்று ஏராளமான குடும்பங்களில் சொல்வார்கள். சம்பளத்துக்குப் பதில் நிலச் சீட்டு வாங்கிய சிப்பாய்களில் பலர் அதை அதிகாரிகளிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1650-களில் வில்லியம் பெட்டி நடத்திய நில அளவையான டவுன் (Down) சர்வேயின் வரைபடத் தளத்தில் 1641-லும் 1670-லும் நிலம் யாரிடம் இருந்தது என்று காட்டியிருக்கிறது. அங்கே உங்கள் பெயர் இல்லாவிட்டால், குடும்பம் பின்னால் குத்தகைக்காரராக வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 1659 கணக்கெடுப்பையும் பாருங்கள். ஆனால் அதில் முக்கியஸ்தர்களின் பெயர்தான் உண்டு. மற்றவர்கள் 'ஆங்கிலேயர் இத்தனை, ஐரிஷ்காரர் இத்தனை' என்று எண்ணிக்கை மட்டுமே.

9. கடலைத் தாண்டுவது

முதல் நாளே இங்கிலாந்துப் பதிவேட்டில் அதே பெயருள்ள குழந்தையைப் பிடித்து ஒட்டிவிடுவதுதான் இந்த வேலையில் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. 1538 முதல் பாரிஷ் பதிவேடுகள் உள்ள நாடு அது. எந்தப் பெயரைத் தேடினாலும் யாராவது கிடைப்பார்கள்.

அயர்லாந்து பக்கத்திலிருந்து எந்த ஊர் என்று ஒரு குறிப்பு கிடைத்த பிறகே போங்கள். உயில், குவேக்கர் சான்று, வாக்குமூலம் என்று எதிலாவது அது இருக்கலாம். எதுவுமே இல்லாவிட்டால் நிலச்சுவான்தாரின் பூர்வீகத்தைப் பாருங்கள். மன்ஸ்டரில் 42,000 ஏக்கர் பெற்ற வால்டர் ராலி டெவன்காரர். அந்த எஸ்டேட்டை 1602-ல் வாங்கிய ரிச்சர்ட் பாயில் கேன்டர்பரிக்காரர். மன்ஸ்டருக்கு வந்த குடியேறிகள் பலர் இங்கிலாந்தின் தென்மேற்குக் கவுன்டிகளிலிருந்து வந்தவர்கள். லண்டன்டெர்ரியில் நிலம் பெற்றவை லண்டன் வணிகக் குழுமங்கள், அவற்றின் காகிதங்கள் லண்டனில் இருக்கின்றன.

ஊர் கிடைத்ததும் மூன்று சோதனைகள். அந்தக் குழந்தை அதே பாரிஷில் சிறுவயதில் இறந்து அடக்கமானதா? அங்கேயே வளர்ந்து திருமணம் செய்ததா? சகோதரர்களின் பெயர்கள் அயர்லாந்துக் குடும்பத்தில் மறுபடி வருகின்றனவா? முதல் இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்றால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். மூன்றாவது மட்டும் 'ஆம்' என்றால் அது ஆதாரம் ஆகாது, துணைக்குறிப்புதான்.

நிலச்சுவான்தார் குடும்பங்களின் அச்சிட்ட வம்சாவளி நூல்களை இந்தக் கட்டத்தில் திறக்கலாம், அதற்கு முன் வேண்டாம். கடைசி நான்கைந்து தலைமுறைக்கு அவை பெரும்பாலும் சரியாக இருக்கும். முதல் குடியேறியின் கதை குடும்பமே எழுதி அனுப்பியதாக இருக்கும். ஏதாவது ஒரு பத்திரத்தோடு பொருந்தாத இணைப்பை உங்கள் வரைபடத்தில் புள்ளிக்கோட்டில் போட்டு, பக்கத்திலேயே எந்த நூல், எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள்.